கீழ்ப்படிதலும் செவிகொடுத்தலும்
மில்கிராமின் நூலை மீண்டும் வாசித்தல்

சமூக உளவியல் ஆய்வுகளுள் அத்துறைக்கு வெளியே உள்ளோரும் அறிந்த ஒன்று உண்டெனில், அது ஸ்டான்லி மில்கிராம் நடத்திய கீழ்ப்படிதல் ஆய்வேயாகும். 1961 ஆகஸ்டு முதல் 1962 மே வரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நடைபெற்ற இவ்வாய்வின் விவரங்களை அவர் 1974-இல் நூலாக வெளியிட்டார். 'அதிகாரத்திற்குக் கீழ்ப்படிதல்' என்பது அதன் தலைப்பின் பொருள். நூல் வெளிவந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதனை இன்று மீண்டும் எடுத்து வாசிப்பதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, யேல் நூலகத்தில் உள்ள மில்கிராமின் கோப்புகளையும் ஒலிநாடாக்களையும் ஆராய்ந்த பிற்கால அறிஞர்கள் நூலில் சொல்லப்படாத பலவற்றை வெளிக்கொணர்ந்துள்ளனர். இரண்டாவது, நமது பிரசங்க மேடைகளிலும் தலைமைத்துவப் பயிற்சி வகுப்புகளிலும் இவ்வாய்வு எடுத்தாளப்படும் விதம் நமக்கு மனநிறைவு அளிக்கவில்லை.

வழக்கமாக இவ்வாய்வு இப்படித்தான் சொல்லப்படுகிறது. வெள்ளை அங்கி அணிந்த விஞ்ஞானி ஒருவர் கட்டளையிட்டார். சாதாரண மக்கள் எதிர்த்துப் பேசாமல் பிறரைக் கொல்லும் அளவிற்கு மின்சாரம் பாய்ச்சினர். மனிதன் எவ்வளவு கெட்டுப்போனவன் பாருங்கள். ஆகவே மனிதருக்கு அன்று, தேவனுக்கே கீழ்ப்படிவோம். கேட்போர் தலையசைத்து வீடு திரும்புகின்றனர். அந்த அங்கி வெண்மையன்று, சாம்பல் நிறம் என்பதை நூலைத் திறந்தோர் அறிவர். இது சிறு பிழையே. எனினும் நூலைத் திறவாமலேயே அதைப் பற்றிப் பேசி வந்திருக்கிறோம் என்பதற்கு இஃது ஓர் அடையாளம். நூல் தரும் சான்றுகளோ இப்பிரசங்கத்தின் முதற்பகுதியைத் திருத்துகின்றன; அதன் முடிவையும் கேள்விக்குள்ளாக்குகின்றன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆய்வும் அதன் அமைப்பும்

மில்கிராம் 1933-இல் நியூயார்க் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். குழுவின் கருத்து தனிமனிதனின் கண்கண்ட முடிவையும் மாற்றவல்லது என்பதை ஆராய்ந்த சாலமன் ஆஷிடம் உதவியாளராக இருந்தவர். நாசி ஆட்சியில் நடந்த யூதப் படுகொலை அவரது உள்ளத்தை விட்டு நீங்காத வினாவாயிருந்தது. அப்படுகொலையின் நிர்வாகிகளுள் ஒருவனான ஐக்மனின் வழக்கு எருசலேமில் தொடங்கிய 1961-ஆம் ஆண்டிலேயே இவரது ஆய்வும் தொடங்கிற்று.

நியூ ஹேவன் நகர மக்கள் செய்தித்தாள் விளம்பரத்தின் வாயிலாக அழைக்கப்பட்டனர். நினைவாற்றலைப் பற்றிய ஆய்வு என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. 4 டாலர் ஊதியமும் வழிச்செலவுக்கு 50 சென்டும் கொடுக்கப்பட்டன. வந்தவர் 'ஆசிரியர்' ஆவார். 'மாணவர்' தவறான விடை சொல்லும்போதெல்லாம், 15 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை 30 விசைகள் கொண்ட கருவியில் அடுத்த விசையை அவர் அழுத்த வேண்டும். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. மாணவராக இருந்தவர் முன்னரே பயிற்றுவிக்கப்பட்டவர். 'ஆசிரியர்' தயங்கினால் ஆய்வாளர் அவரைத் தொடரச் சொல்வார். அதற்கென நான்கு வாக்கியங்கள் படிப்படியாக அமைக்கப்பட்டிருந்தன. முதலாவது, தொடரும்படி கேட்டுக்கொள்ளும் வேண்டுகோள். நான்காவது, வேறு வழியே இல்லை என்னும் அப்பட்டமான கட்டளை.

இவ்வமைப்பை விவரித்துக் கேட்டபோது, இறுதி விசை வரை செல்பவர் ஆயிரத்தில் ஒருவரே இருப்பார் என்று மனநல மருத்துவர்கள் கணித்தனர். முதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், இறுதி வரை சென்றனர். உலகம் நினைவில் வைத்திருப்பது இந்த ஓர் எண்ணையே.

2. மறக்கப்பட்ட எண்கள்

நூலின் உண்மையான செல்வம் இந்த ஓர் எண்ணில் இல்லை. மில்கிராம் சூழ்நிலையைப் பலவாறு மாற்றி மாற்றி ஆய்வை நடத்தினார். நூலில் 18 வகைகள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றை வரிசையாக நோக்கினால் கீழ்ப்படிதல் என்பது மனிதனுக்குள் உறையும் நிலையான குணமன்று என்பது தெளிவாகும்.

மாணவர் வேறு அறையில் கண்ணுக்கு மறைவாக இருந்தபோது 65 விழுக்காட்டினர் இறுதி வரை சென்றனர். அவர் அதே அறையில் அமர்ந்தபோது அது 40 ஆகக் குறைந்தது. அவரது கையைப் பிடித்துத் தகட்டின்மேல் அழுத்த வேண்டியிருந்தபோது 30 ஆயிற்று. மாறாக, ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் கட்டளையிட்டபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே இறுதி வரை சென்றார். யேலின் பெயரின்றி பிரிட்ஜ்போர்ட் நகரின் சாதாரண அலுவலகமொன்றில் நடத்தியபோது 40 பேரில் 19 பேர் சென்றனர். ஆய்வாளர் இருவர் தமக்குள் முரண்பட்டு, ஒருவர் தொடரச் சொல்ல, மற்றவர் நிறுத்தச் சொன்னபோது 20 பேரில் ஒருவர்கூட இறுதி வரை செல்லவில்லை.

குழு இயக்கவியலைப் பயில்வோர் நிதானித்து நோக்க வேண்டிய வகைகள் இரண்டு. ஒன்றில், பங்கேற்றவருடன் வேறு இருவர் சக ஆசிரியர்களாக அமர்ந்தனர். அவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொடர மறுத்து எழுந்தபோது, 40 பேரில் 36 பேர் தாமும் மறுத்தனர். மற்றொன்றில், விசையை அழுத்தும் வேலை வேறொருவரிடம் கொடுக்கப்பட்டது. பங்கேற்றவர் வினாக்களை வாசிப்பது போன்ற துணைப்பணிகளை மட்டும் செய்தார். அப்போது 40 பேரில் 37 பேர் இறுதி வரை எவ்விதத் தடையுமின்றி உடனிருந்தனர். கையில் விசை இல்லாதபோது மனச்சாட்சியும் ஓய்வெடுத்துக்கொண்டது எனலாம். குழுவாகக் கூடி முடிவெடுக்கும் எவரும் இவ்விரண்டு எண்களையும் எளிதில் கடந்துவிட முடியாது.

3. மில்கிராமின் விளக்கமும் அதன் குறையும்

இச்சான்றுகளை மில்கிராம் எவ்வாறு விளக்கினார்? அதிகாரத்தின் முன் நிற்கும் மனிதன் தன்னைத் தானே இயக்குபவனாகக் கருதாமல், பிறர் விருப்பத்தை நிறைவேற்றும் கருவியாகக் கருதும் நிலைக்கு மாறிவிடுகிறான் என்றார். இதனை நாம் முகவர் நிலை என்று அழைக்கலாம். ஐக்மனைப் பற்றி 1963-இல் நூல் எழுதிய ஹன்னா அரெண்ட், அவனைக் கொடிய அரக்கனாக அன்றிச் சிந்தியாது பணிசெய்த சாதாரண அலுவலனாகச் சித்திரித்தார். மில்கிராம் அதனைத் தமது முடிவிற்கு அரணாகக் கொண்டார்.

இவ்விளக்கத்தில் நாம் காணும் குறை இதுவே: அது நூலின் எண்களையே விளக்கவில்லை. அதிகாரத்தின் முன் மனிதன் கருவியாகிவிடுவது உண்மையாயின், பாதிக்கப்படுபவர் அருகில் வரும்போது ஏன் கீழ்ப்படிதல் சரிகிறது? அருகிலிருப்பவர் எழுந்தவுடன் ஏன் தாமும் எழுகின்றனர்? முகவர் நிலை என்பது நடந்ததற்குச் சூட்டப்பட்ட பெயரேயன்றி, நடந்ததன் காரணம் அன்று.

பிற்கால ஆய்வுகள் இக்குறையை மேலும் வெளிச்சமாக்கின. ஜெரி பர்கர் 2009-இல் வெளியிட்ட, 150 வோல்ட் அளவில் நிறுத்தப்பட்ட மறு ஆய்வில், நான்காவது வாக்கியமாகிய அப்பட்டமான கட்டளையைக் கேட்ட எவரும் தொடரவில்லை. ஆய்வின் தேவையை எடுத்துரைத்த வாக்கியங்கள் மனிதரை நகர்த்தின. வெறும் கட்டளையோ எதிர்ப்பை எழுப்பிற்று. அலெக்சாண்டர் ஹஸ்லாமும் ஸ்டீபன் ரைக்கரும் இதிலிருந்து வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். பங்கேற்றோர் கட்டளைக்கு அடிபணிந்த கருவிகள் அல்லர்; அறிவியல் என்னும் உயர்ந்த பணியில் தாமும் பங்காளிகள் என்று நம்பி, அதன்பொருட்டு அக்கொடுமையைச் செய்தவர்கள் என்பதே அவர்களது வாதம். ஐக்மனின் சித்திரமும் மாறிவிட்டது. பெட்டினா ஸ்டாங்நெத் 2011-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூல், அவன் அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்த காலத்தில் தன் செயலைக் குறித்துப் பெருமை பாராட்டிய கொள்கைவெறியன் என்பதைச் சான்றுகளுடன் நிறுவியது.

மில்கிராமின் நேர்மையும் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. ஆய்வாளர் நான்கு வாக்கியங்களோடு நில்லாமல் பலமுறை வற்புறுத்தினார் என்பதை ஒலிநாடாக்கள் காட்டுகின்றன. பங்கேற்ற பலருக்கு உண்மை அன்றே முழுமையாகச் சொல்லப்படவில்லை என்பதை ஜினா பெர்ரி வெளிப்படுத்தினார். அவரும் பிறரும் 2020-இல் வெளியிட்ட மறு ஆய்வு, மாணவர் உண்மையாகவே வேதனைப்படுகிறார் என்று நம்பியவர்களே மிகுதியாக மறுத்தனர் என்று காட்டுகிறது. நண்பர், உறவினர் அல்லது அயலாருடன் வந்தவர்களைக் கொண்டு நடத்திய வகை நூலில் இடம்பெறவே இல்லை. அதில் 20 பேரில் மூவரே இறுதி வரை சென்றனர். இவ்வாய்வின் அறநெறியை 1964-இலேயே டயானா பாம்ரிண்ட் கண்டித்திருந்தார். உடன்பட்டு வந்தவர்கள் வியர்த்து நடுங்கியதை ஆய்வுக்குழுவினர் ஒருபுறக் கண்ணாடியின் பின்னிருந்து நோக்கினர். ஆயினும் ஆய்வு தொடர்ந்தது. அறிவியலின்பொருட்டு விசையை அழுத்தியவர்களுள் மில்கிராமையும் சேர்க்கலாமா என்று நாம் கேட்பது முறையற்றதன்று.

ஆயினும் ஒரு சூத்திரத்தை நீக்கிவிட்டு மற்றொரு சூத்திரத்தை அவ்விடத்தில் வைப்பதும் சரியன்று. இறுதி வரை சென்றவர்களுள் பலர் மகிழ்ச்சியோடு செல்லவில்லை. தடுமாறினர், வாதிட்டனர், நடுங்கினர், ஆயினும் அழுத்தினர். ஈடுபாடுள்ள பங்காளிகள் என்ற சொல் இந்த நடுக்கத்தை உள்ளடக்கவில்லை. அம்மனிதர் இரண்டு குரல்களுக்கு நடுவே நின்றனர் என்பதே நமது கருத்து. ஒன்று, பணியின் பெயரால் பேசிய குரல். மற்றொன்று, சுவருக்கு அப்பாலிருந்து எழுந்த குரல். எந்தக் குரல் அருகில் இருந்தது, எந்தக் குரலுக்குத் துணைநின்று சாட்சி சொல்ல ஆளிருந்தது என்பதே முடிவைப் பெரிதும் அசைத்தது. மறுத்தவர்கள் மிகுதியாக நிறுத்திய இடம் 150 வோல்ட் என்பதும் இதனையே உறுதிசெய்கிறது. அவ்விடத்தில்தான் மாணவர் முதன்முதலாகத் தம்மை விடுவிக்குமாறு கேட்டார்.

4. இறையியலாளர் ஒருவரின் மறுப்பு

150 வோல்ட் அளவில் நிறுத்தியவர்களுள் ஒருவர் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாட்டு வழிபாட்டைக் கற்பித்தவர். மில்கிராம் இவரைப் பற்றித் தனியே எழுதியுள்ளார். நமது வாசகர் நூலில் முதலில் வாசிக்க வேண்டிய பகுதி இதுவே.

ஆய்வு முடிந்தபின், மனிதத் தன்மையற்ற அதிகாரத்தை எதிர்க்கும் வலிமை எதனால் பெருகும் என்று அவரிடம் கேட்கப்பட்டது. தேவனே ஒருவனுக்கு இறுதி அதிகாரமானால் மனித அதிகாரம் அவனுக்கு அற்பமாகிவிடும் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். மில்கிராம் இதனைக் குறித்து, இவர் அதிகாரத்தை மறுக்கவில்லை, தீய அதிகாரத்தின் இடத்தில் நல்ல அதிகாரத்தை வைக்கிறார் என்று கூர்மையாகக் குறிப்பிட்டார். அப்போஸ்தலர் 5:29-ஐ மேற்கோள் காட்டும் நமது பிரசங்கமும் இவ்விடையோடு நின்றுவிடுகிறது.

ஆனால் ஆய்வறையில் அப்பேராசிரியர் சொன்னது வேறு. அங்கு அவர் தேவனுடைய பெயரைத் தமது மறுப்பிற்கு ஆதாரமாக நிறுத்தவில்லை. அந்த மனிதர் தொடர விரும்பவில்லையாயின், தாம் அவரிடமிருந்தே கட்டளை பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். வேதனைப்பட்டவரின் குரல் ஆய்வாளரின் குரலுக்கு இணையான அதிகாரம் பெற்றது. பின்னர் ஆறுதலாக அமர்ந்து சொன்னது இறையியல் கோட்பாடு. அவரை நிறுத்தியதோ சுவருக்கு அப்பாலிருந்து வந்த வேண்டுகோள்.

இவ்வேறுபாட்டை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேவனே இறுதி அதிகாரம் என்னும் அறிக்கை தன்னளவில் போதாது. தேவனுடைய பெயரால் பேசும் ஆய்வாளரும் எழக்கூடும். அறிவியலின் பெயரே 26 பேரை இறுதி விசை வரை கொண்டுசென்றதாயின், தேவப்பணியின் பெயர் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும்?

வரலாறு இதற்குச் சான்று பகரும். 1934 மே மாதம் ஜெர்மானியத் திருச்சபையின் ஒரு பகுதியினர் பார்மன் நகரில் கூடி, இயேசு கிறிஸ்து ஒருவரே கேட்கப்பட வேண்டியவர், வேறெந்த அதிகாரமும் அவ்விடத்தைப் பெறலாகாது என்று அறிக்கையிட்டனர். துணிவுமிக்க அறிக்கை அது. எனினும் அன்றே துன்புறுத்தப்பட்டுக்கொண்டிருந்த யூதர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதனை வரைவதில் முதன்மையான பங்காற்றிய கார்ல் பார்த் இக்குறையைத் தமது குற்றமாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். யார் இறுதி அதிகாரம் என்ற வினாவிற்குத் திருச்சபை சரியாக விடையளித்தது. சுவருக்கு அப்பால் அலறுபவர் யார் என்று கேட்கத் தவறிற்று.

5. திருமறையின் ஒளியில்

இதே படிப்பினையை 1 சாமுவேல் 22-ஆம் அதிகாரம் நமக்குத் தருகிறது. நோபின் ஆசாரியரைக் கொல்லும்படி சவுல் தன் சேவகருக்குக் கட்டளையிட்டான். அவர்கள் கை நீட்டவில்லை. ஒருவனல்லன், அச்சேவகர் கூட்டமே அசையாது நின்றது. மறுப்புரை எதுவும் அங்கே பதிவாகவில்லை. அசையாமையே அவர்களது மறுப்பு. கட்டளையை நிறைவேற்றியவன் ஏதோமியனாகிய தோவேக்கு. அவன் கட்டளைக்கு அஞ்சிய கருவி அல்லன். தானாகவே முன்வந்து தகவல் சொல்லியவன், அரசனுடைய நோக்கத்தைத் தன் நோக்கமாக்கிக்கொண்டவன். 85 ஆசாரியர் மாண்டனர். மில்கிராமின் முகவர் நிலையைவிட, பிற்கால அறிஞர் சொன்ன ஈடுபாட்டிற்கே தோவேக்கு பொருத்தமானவன். குழுவாக மறுப்பதன் ஆற்றலுக்கு அச்சேவகர் சான்று. ஆயினும் ஒரு குழுவின் மறுப்பு, வேறொருவனின் கை கிடைக்கும்வரைதான் கொலையைத் தடுக்கும் என்பதையும் திருமறை மறைக்கவில்லை.

யாத்திராகமத்தின் மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் தேவனுக்குப் பயந்தவர்கள் என்று வாசிக்கிறோம். அவர்களது தேவபயம் பிரசவ வேதனையில் இருந்த பெண்களின் அருகிலேயே செயல்பட்டது. பார்வோன் தொலைவில் இருந்தான். குழந்தை கைக்குள் இருந்தது. மத்தேயு 25-இல் அரசராகிய கிறிஸ்து தம்மைப் பசித்தவரோடும் சிறைப்பட்டவரோடும் ஒன்றாக்கிக்கொள்கிறார். அங்கே இறுதி அதிகாரத்தின் குரலும் துன்புறுவோரின் குரலும் இரண்டல்ல. அப்பேராசிரியரின் இரு கூற்றுகளும் இங்கேதான் ஒன்றுசேர்கின்றன.

6. நமது சபைகளுக்கு

இந்நூல் திருச்சபைத் தலைமையை நோக்கிக் கேட்கும் வினாக்கள் சிலவற்றைச் சுட்டி அமைவோம்.

நமது சேகரக்குழுக்களிலும் பேராய மன்றங்களிலும் ஒருவருக்கு அநீதி இழைக்கப்படும்போது, அது பெரும்பாலும் ஊழியத்தின் பெயராலேயே இழைக்கப்படுகிறது. ஊழியம் தடைபடக்கூடாது, சபையின் நற்பெயர் கெடக்கூடாது என்று சொல்லப்பட்டவுடன் கேள்விகள் அடங்கிவிடுகின்றன. முறையிட்ட பெண் அக்கூட்டத்தில் இல்லை. நீக்கப்படும் ஊழியர் வெளியே தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்திலும் சாதியின் சுவர் எழுப்பியவர்கள், சுவருக்கு அப்பால் தம் மரித்தோரை அடக்கம்பண்ணுகிறவர்களைக் கேட்டுத் தீர்மானம் எழுதவில்லை. கண்ணுக்கு மறைவாயிருந்தபோது 65, கையைப் பிடித்தபோது 30 என்ற எண்கள் இங்கே உயிர்பெறுகின்றன. பாதிக்கப்படுகிறவரை அறைக்குள் அழைத்துவந்து அமரச்செய்வது மரியாதைக்காகச் செய்யும் சடங்கன்று. நம்மை நம்மிடமிருந்தே காக்கும் ஒழுங்கு.

தலைவர்களுக்குள் வேறுபாடு தோன்றினால் அதனைச் சபையின் பலவீனம் என்று மறைக்க முற்படுகிறோம். ஆய்வாளர் இருவர் முரண்பட்ட வேளையில் ஒருவரும் இறுதி விசையைத் தொடவில்லை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். ஏகமனதாக நிறைவேறிற்று என்று குறிப்பேட்டில் எழுதும்போதெல்லாம், மாற்றுக்குரல் எழவில்லையா, எழ விடப்படவில்லையா என்று கேட்பது நலம். அக்குறிப்பேட்டை எழுதுகிற செயலரும், வாக்களித்துவிட்டு வாளாவிருந்த உறுப்பினரும், தாம் விசையைத் தொடவில்லை என்று ஆறுதலடைய வேண்டாம். அந்த 37 பேரும் அப்படித்தான் ஆறுதலடைந்திருப்பர்.

இறையியல் மாணவருக்கு ஒரு சொல். குருத்துவப் பணிக்கு அமர்த்தப்படும் நாளில் மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிவதாகச் சில சபை மரபுகளில் வாக்களிக்கிறோம். அவ்வாக்கு புனிதமானதே. ஆனால் 450 வோல்ட் விசையை எவரும் முதலில் அழுத்தவில்லை. 15-இல் தொடங்கி, 15 15 ஆகவே ஏறினர். முதற் சிறு அநீதிக்குக் கையொப்பமிடும் நாளிலேயே பெரிய மறுப்பு கடினமாகத் தொடங்குகிறது. ஹாலந்திலிருந்து குடியேறிய சீர்திருத்தச் சபைப் பொறியாளர் ஒருவர் அந்த ஆய்வில் பங்கேற்றார். வேறு வழியில்லை என்று சொல்லப்பட்டபோது, வழி உண்டு என்று சொல்லி 255 வோல்ட் அளவில் நிறுத்தினார். பின்னர், பொறுப்பு யாருடையது என்று கேட்கப்பட்டபோது, ஆய்வாளர்மேல் பழியைப் போடாமல் அதனைத் தம்மேலேயே ஏற்றுக்கொண்டார். மறுத்ததற்காகப் பெருமைகொள்ளாமல், அதற்குமுன் அழுத்திய விசைகளுக்காகத் தம்மையே குற்றஞ்சாட்டிய அம்மனிதரின் மனந்திரும்புதல் நாம் கற்க வேண்டிய ஒன்று.

மில்கிராமின் நூல் குறைகள் பல உடையது. அதன் கோட்பாடு நிலைக்கவில்லை. அதன் முறைகள் கண்டனத்திற்குரியவை. எனினும் அதன் சான்றுகள் நம்மைவிட்டு எளிதில் நீங்கா. யாருக்குக் கீழ்ப்படிகிறோம் என்ற வினாவை நாம் மேடையில் பலமுறை எழுப்பியிருக்கிறோம். யாருடைய குரல் நமது கூட்ட அறைக்குள் வந்து சேரவில்லை என்ற வினாவோடு அடுத்த கூட்டத்தைத் தொடங்குவோமாக.